11 வருட பியானோ வகுப்பு: எந்தப் பிள்ளைக்கு எந்த பீஸ்?

கிருஷ்ணகிரியில் வீட்டு முன்னறையில்தான் என் வகுப்பு. பெங்களூரில் வாங்கிய பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வீட்டில் வைத்திருப்பது 61 கட்டை கீபோர்டு. பெடல் கிடையாது, கட்டையில் கனம் கிடையாது. வாரத்தில் ஒரு மணி நேரம் என் பியானோவில், மற்ற ஆறு நாளும் அந்தக் கீபோர்டில். பீஸ், அதாவது வாசிக்கும் இசைத் துண்டு, தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆறு நாளைத்தான் என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

தொடக்கத்தில் ஒரு பழைய பாடப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடத்தினேன். அதில் பாதிப் புத்தகம் வரை இரண்டு கைக்கும் மேல் ஸ்வரங்களுக்கான குறியான ட்ரெபிள் க்ளெஃப்தான். பிள்ளைகள் மளமளவென்று முன்னேறினார்கள். கீழ் ஸ்வரங்களுக்கான பேஸ் க்ளெஃப் வந்ததும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். கை வாசிக்கத் தயார், கண் தயாரில்லை. எட்டு மாதம் நன்றாக வந்த ஒரு பையன் அந்த இடத்தில் மனம் விட்டுப்போய் வகுப்பையே நிறுத்திவிட்டான். அவனை நான் இன்னும் நினைத்துக்கொள்வதுண்டு.

அதற்கப்புறம் முதல் ஆறு வாரம் புத்தகமே திறப்பதில்லை. தெரிந்த பாட்டைக் காதால் கேட்டுக் கட்டையில் தேடச் சொல்கிறேன். பாட்டு கிளாஸ் போகும் பிள்ளைகளிடம் ‘சக்தி ஸஹித கணபதிம்’ நன்றாக எடுபடுகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் அது. மேற்கத்திய மெட்டின் சாயலில் சங்கராபரணத்தில் அமைந்தது, கமகம் (ஸ்வரத்தை ஆட்டிப் பாடுவது) இல்லாத நேரான ஸ்வரங்கள். அதனால் வெள்ளைக் கட்டையிலேயே அப்படியே உட்கார்ந்துவிடும். பாட்டு கிளாஸ் போகாத பிள்ளைக்கு அது புதுப் பாட்டு. அவர்களுக்குச் சர்ச்சில் பாடுவதோ ஸ்கூல் பிரேயரில் பாடுவதோ போதும்.

ஏழாவது வாரம் ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் ‘மைக்ரோகாஸ்மாஸ்’ முதல் தொகுதி. மொத்தம் ஆறு தொகுதி, 153 பீஸ். முதல் இரண்டு தொகுதியைத் தன் மகன் பேட்டருக்கு அர்ப்பணித்திருக்கிறார். ஒரு தகப்பனின் பொறுமை அந்தப் பக்கங்களில் தெரிகிறது, படிகள் அவ்வளவு சின்னச் சின்னதாக இருக்கும். முதல் பீஸ்களில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும், ஆனால் முதல் நாளிலிருந்தே இடது கை பேஸ் க்ளெஃபில். இத்தனை வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன புத்தகம் இது. கேட்க விசித்திரமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு அந்நியமில்லை. அதில் டோரியன் என்ற ஸ்கேல் போட்டிருப்பது நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள், ஃப்ரிஜியன் என்பது தோடியின் ஸ்வரங்கள். பாட்டு படித்த பிள்ளை ஒருத்தி வாசித்துக்கொண்டே, “மிஸ், இது தோடி மாதிரி இருக்கு, ஆனா ஆடவே மாட்டேங்குது” என்றாள். எவ்வளவு சரியாகச் சொன்னாள்!

அடுத்த படிக்கு எல்லோரும் போவது ஜி மேஜர் மினுவெட் என்ற நடன பீஸ். ஜே.எஸ். பாஹின் மனைவி ஆன்னா மக்தலேனா பாஹின் 1725ஆம் ஆண்டு நோட்டுப்புத்தகத்தில் இருப்பதால் பல புத்தகங்களில் பாஹ் பெயரிலேயே வருகிறது. எழுதியவர் கிறிஸ்டியான் பெட்சோல்ட். சுலபம் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறோம், ஆனால் அதில் இடது கையும் தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறது. அதற்கு முன்னால் இரண்டு கையும் வேறு வேறாக நகரும் சின்ன பீஸ்கள் நான்கைந்தாவது வாசித்திருக்க வேண்டும்.

என் கணக்கு இதுதான்: ஒரு பீஸில் புதிதாக ஒரு கஷ்டம் மட்டும் இருக்கட்டும். புது ரிதம் என்றால் கை நிலை பழகியதாக இருக்க வேண்டும். கை தாவ வேண்டும் என்றால் ரிதம் எளிதாக இருக்க வேண்டும். முதல் தடவை மெதுவாகப் பார்த்து வாசிக்கச் சொல்வேன். எட்டு பாரில் (தாளக் கட்டத்தில்) மூன்று இடத்துக்கு மேல் நின்றால் அதை மூடி வைத்துவிட்டு வேறு எடுப்பேன். நான்கு, ஆறு வாரத்தில் முடியாத பீஸ் அந்தப் பிள்ளைக்கு இன்னும் காலம் வராத பீஸ்.

புர்க்முல்லரின் ஓபஸ் (படைப்பு எண்) 100இல் 25 எட்யூட், அதாவது பயிற்சி பீஸ், இருக்கிறது. இரண்டாவதான ‘அரபெஸ்க்’ வேகமாகக் கேட்கும், பெரிய வித்தை போலத் தெரியும். உண்மையில் ஐந்து விரலுக்குள் அடங்கும் ஓட்டம். வலது கை செய்ததை அப்புறம் இடது கை செய்கிறது. கீபோர்டிலும் பெடல் இல்லாமல் நன்றாக ஒலிக்கிறது. சொந்தக்காரர்கள் முன்னால் வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இடது கை எப்போதும் பயந்து பயந்து வாசிக்கும். எத்தனை எக்சர்சைஸ் கொடுத்தும் மாறவில்லை. ஷூமன் 1848இல் பிள்ளைகளுக்காக எழுதிய ஓபஸ் 68 தொகுப்பிலிருந்து பத்தாவதான ‘மகிழ்ச்சியான உழவன்’ கொடுத்தேன். அதில் மெட்டு இடது கையில், வலது கை பெரும்பாலும் நடுநடுவே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வைக்கும். மூன்றாவது வாரம் அவள் கையில் வந்த சத்தத்தைக் கேட்டு அடுப்படியிலிருந்து என் அம்மா எட்டிப் பார்த்தார். அவளுடைய அப்பாவுக்கு மாந்தோப்பு. பெயரைக் கேட்டதும், “நம்ம பாட்டுதானா?” என்று சிரித்தாராம்.

தோப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கு மே, ஜூனில் வாசித்துப் பார்க்க நேரமிருக்காது. அந்த மாதங்களில் புதியது எதுவும் தொடங்குவதில்லை. முடித்த பீஸ் மூன்றைத் திரும்ப எடுத்து மெருகேற்றுகிறோம்.

பெற்றோர் எல்லோரும் கேட்பது பீத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’. முதல் பகுதி கைக்கு வந்துவிடும். எஃப் மேஜரில் முப்பத்திரண்டாம் நோட்டுகள் (மிகக் குறுகிய வேக நோட்டுகள்) ஓடும் இடமும், இடது கை ஒரே ‘ஏ’வைத் தட்டிக்கொண்டே போகும் இடமும் வேறு படி. முதல் பகுதியை மட்டும் சொல்லித்தருகிறேன், இது முழு பீஸ் இல்லை என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறேன்.

பியானோவுக்கு நடக்கும் கிரேடு தேர்வு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் தவறு என்னுடையது. ஒரு பெண்ணுக்கு வருடம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று பீஸ்தான் நடத்தினேன். கிரேடு 3 நல்ல மார்க்கில் பாஸ். அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் ஒரு சாதாரணப் பாட்டின் நோட்ஸை முன்னால் வைத்தபோது அவளால் வாசிக்க முடியவில்லை. அவள் முகம் வாடியதை மறக்க முடியாது. இப்போது தேர்வு பீஸ்கள் ஐந்து மாதம் முன்னால்தான் தொடங்கும். மற்றபடி வருடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து சின்ன பீஸ் கட்டாயம்.

காவேரிப்பட்டணத்துப் பெண் இப்போது கிளெமென்டியின் ஓபஸ் 36, முதல் சொனாட்டினா (சின்ன சொனாட்டா) தொடங்கியிருக்கிறாள். 1797இல் வந்த ஆறு சொனாட்டினாக்களில் முதலாவது, சி மேஜர். ஸ்கேல் ஓட்டம் அவளுக்குப் பழக்கம்தான், புதிது அதன் நீளம் மட்டும். முதல் பக்கம் இரண்டு கையும் சேர்ந்து வந்துவிட்டது. போன வாரம் பாதியில் கரண்ட் போனது. பியானோவுக்குக் கரண்ட் வேண்டாமே. ஜன்னல் கதவைத் திறந்து வைத்தோம், அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தாள்.