வெயிலை விட உப்பைப் பாருங்கள்: உச்சிப்புளி மாடியில் தாக்குப்பிடித்த பூச்செடிகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மண்டபம், உச்சிப்புளி பக்கம் பூச்செடி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது வெயில் தாங்குமா?" என்றுதான். வெயில் தாங்கும் செடிகள் நிறையவே இருக்கின்றன. நம் ஊரில் கேட்க வேண்டியது, உப்பைத் தாங்குமா என்று. ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடா பக்கமிருந்து கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) விடாமல் அடிக்கும்போது இலையெல்லாம் உப்பு படிகிறது. கிணற்றுத் தண்ணீரும் பல வீடுகளில் உவர்ப்பு. இலை ஓரம் கருகிக்கொண்டே வந்தால், தண்ணீர் போதவில்லை என்று அதே உவர்நீரை இன்னும் ஊற்றுவார்கள். அதில் செடி சீக்கிரம் போய்விடும்.

பல வருடமாக மாடியில் வைத்துப் பார்த்ததில், என் முதல் ஓட்டு நித்தியகல்யாணிக்கு. கடற்கரை மணலில் தானாக முளைத்துக் கிடக்கும் செடிதானே என்று பலர் மதிப்பதில்லை. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து இந்தச் செடியிலிருந்துதான் கிடைத்தது. இலை கசப்பு என்பதால் ஆடும் வாய் வைக்காது. நுனியைக் கிள்ளிவிட்டால் புதராகி வருடம் முழுக்கப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது, வேர் அழுகிவிடும்.

அடுத்தது காகிதப்பூ. தண்ணீரைக் குறைத்தால்தான் இது நன்றாகப் பூக்கும். தினமும் ஊற்றினால் இலையாகத் தழைக்கும். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். முள் இருப்பதால் நடைபாதை ஓரம் வேண்டாம்.

அடேனியம் அடிமரத்திலேயே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஊருக்குப் போனாலும் கவலையில்லை. மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்கு நகர்த்தினால் போதும். அதன் பாலும் அரளியின் எல்லாப் பாகமும் விஷம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

டேபிள் ரோஸ், சரி, அழகுதான். மதியத்துக்கு மேல் வாடிச் சுருங்கும். ரோஜாவை இங்கே நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இட்லிப்பூவுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகிக்கொண்டே இருக்கும்.

மண் கலவையில் ஆற்றுமணலும் செம்மண்ணும் மட்கிய ஆட்டுப்புழுக்கையும் போதும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் நல்ல தண்ணீரில் நன்றாக அலசி உப்பை எடுத்துவிட்டுச் சேருங்கள். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தால் உள்ளே உப்பு ஏறிவிட்டது என்று பொருள். அப்போது அடித் துளை வழியாக ஓடும் அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலையை மழையே செய்துவிடும்.

மல்லிகை இல்லாமல் வீடா என்று கேட்பீர்கள். தங்கச்சிமடம் நாற்று தமிழ்நாடு முழுக்கப் போகிறது, நம் வாசலிலேயே கிடைக்கிறது. ஆனால் அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். குடம் விலைக்கு வாங்குகிற வீட்டில் ஒரு தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். அரிசி கழுவிய தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் அந்த ஒரு செடிக்குப் போதும். ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் கிணற்று நீரைவிட உப்பு அதிகம்.