பச்சைத் தக்காளி வறுவலுக்கு லாட்ஜ் வாணலி எப்படி?

பெயரைப் பார்த்துத் தங்கும் விடுதி என்று நினைத்துவிட வேண்டாம். லாட்ஜ், அமெரிக்காவின் டென்னசியில் 1896 முதல் வார்ப்பிரும்புப் பாத்திரம் செய்யும் நிறுவனம். அதன் பத்தேகால் அங்குலத் தட்டை வாணலி, அந்நாட்டுத் தென்மாநிலங்களின் பச்சைத் தக்காளி வறுவலுக்கென்றே வார்த்தது போலிருக்கிறது.

காரணம் கனம். 2 கிலோவுக்கு மேல் எடை. துண்டுகளைப் போட்டதும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்காது. இறங்கினால் மேல்மாவு எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று கழன்றுவிடும். எண்ணெய் 1 செ.மீ. உயரம், சூடு 180 டிகிரி செல்சியஸ். காய் கல்லுப்போல் இருக்கட்டும். லேசாகச் சிவந்திருந்தாலும் குழையும். 6 மி.மீ. கனத்தில் நறுக்கி, உப்புத் தூவி, 15 நிமிடம் கழித்துத் துணியால் ஒற்றுங்கள். மைதா, முட்டை அடித்த கெட்டி மோர், பொடி மக்காச்சோள ரவை என்ற வரிசையில் புரட்டி, பக்கத்துக்கு 3 நிமிடம். ஒரு ஈடுக்கு 5 துண்டுதான். எடுத்ததைக் கம்பித் தட்டில் வையுங்கள். காகிதத்தில் போட்டால் அடிப்பக்கம் நமத்துப்போகும்.

குறை? கைப்பிடி குட்டை, அதுவும் சேர்ந்தே கொதிக்கும். கழுவியதும் அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருப்பிடிக்கும். மூடி தனியாக விற்கிறார்கள்; வறுவலுக்கு அது வேண்டியதில்லை.