ஆஸ்கர் 2025: விழாவுக்குப் பாஸ் மார்க், பட்டியலுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். ஆஸ்கர் விழாவை நேரலையில் பார்க்க அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஜனவரியில் வருகிறதே பரிந்துரைப் பட்டியல், அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம், வருஷம் முழுக்கப் பார்க்கப் படம் இருக்கும்.

நான் சினிமாவைக் கரைத்துக் குடித்தவன் இல்லை. வெள்ளிக்கிழமை வரும் தமிழ்ப் படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுவேன், மற்ற நாட்களில் ஓடிடியில் எதைப் பார்ப்பது என்று அரை மணி நேரம் தேடி அலுத்து, கடைசியில் பழைய வடிவேலு காமெடியில் போய் நிற்பேன். அப்படிப்பட்டவனுக்கு இந்த விருது சீசன் ஒரு சேவை மாதிரிதான். யாரோ உட்கார்ந்து பார்த்து, சலித்து, "இதெல்லாம் பாரு" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில்தான் இந்த விமர்சனம்.

சரி, விழா. 97-ஆவது ஆஸ்கர் மார்ச் 2 ஞாயிறு மாலை லாஸ் ஏஞ்சல்ஸ் டால்பி தியேட்டரில் நடந்தது, நமக்கு அது திங்கள் காலை ஐந்தரை. அமெரிக்க டிவி காமெடியன் கோனன் ஓ'பிரையன் முதல்முறையாகத் தொகுத்து வழங்கினார், நல்ல தேர்வு. நேரத்தை வீணாக்க மாட்டேன் என்பதையே ஒரு நீளமான பாட்டாகப் பாடி நேரத்தை வீணாக்கினார், டியூன் படத்து மணற்புழு பியானோ வாசித்தது, இந்தியாவில் பார்ப்பவர்களிடம் நாஷ்தாவோடு பார்க்கிறீர்களா என்று இந்தியில் விசாரித்தார் (எங்கள் வீட்டில் அப்போது பால் பாக்கெட்டே வந்திருக்கவில்லை). எனக்கு ரொம்பப் பிடித்தது, ஜனவரியில் நகரத்தைத் தின்ற காட்டுத்தீயோடு போராடிய தீயணைப்பு வீரர்களை மேடை ஏற்றி, ஹாலிவுட்காரர்களைக் கிண்டலடிக்கும் ஜோக்குகளை அவர்களைப் படிக்க வைத்தது. சொல்வது ஹீரோக்கள் என்பதால் கீழே இருப்பவர்கள் சிரித்தே ஆக வேண்டும்!

இங்கேயே நிறுத்தியிருந்தால் தங்கம். ஆனால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பரிந்துரையான பாடல்களை மேடையில் பாடப் போவதில்லை என்று முன்பே அறிவித்துவிட்டு, அந்த நேரத்தை எடுத்து ஜேம்ஸ் பாண்டுக்கு ஆட்டம் பாட்டத்தோடு ஒரு நீண்ட மரியாதை செய்தார்கள். புதுப் படமும் இல்லை, புது பாண்டும் இல்லை, எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. அப்புறம் ஏட்ரியன் பிராடி. தி புரூட்டலிஸ்ட் படத்துக்காக இரண்டாவது முறை சிறந்த நடிகர் விருது வாங்கியவர், மேடை ஏறும்போது வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்துக் காதலியிடம் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் நாற்பது நொடி பேசினார், ஆஸ்கர் வரலாற்றிலேயே நீளமான உரை. பேச்சை முடிக்கச் சொல்லி வாத்தியம் வாசிக்க ஆரம்பித்ததும் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு மேலே பேசினார். 2009-இல் நம்ம ரஹ்மான் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னாரே, அந்த ஒரு வரி போதுமே ஐயா.

யாருக்கு என்ன கிடைத்தது என்பது தெரிந்த கதை. சிறந்த படம் உட்பட ஐந்து விருதுகள், ஒரு பாலியல் தொழிலாளியின் கதையான அனோராவுக்கு. ஷான் பேக்கர் எழுதி, இயக்கி, எடிட் செய்து, தயாரிப்பிலும் சேர்ந்திருந்ததால் ஒரே இரவில் நான்கு சிலைகளை அவரே தூக்கிக்கொண்டு போனார். படத்தின் செலவு அறுபது லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்கில் அது டீ செலவு. எமிலியா பெரெஸ் என்ற படம் 13 பரிந்துரைகளோடு வந்து இரண்டோடு திரும்பியது. நாயகியின் பழைய சர்ச்சைக்குரிய ட்வீட்டுகள் வெளியே வந்ததும் படத்தின் பிரசாரம் கவிழ்ந்தது.

சிறந்த படத்துக்கு மட்டும் ஓட்டு முறை வேறு என்பதைத் தெரிந்துகொண்டால் பல ஆச்சரியங்கள் குறையும். ஓட்டுப் போடும் அகாடமி (ஆஸ்கரைக் கொடுக்கும் அமைப்பு) உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் வரிசைப்படுத்த வேண்டும். பாதிக்கு மேல் யாருக்கும் முதலிடம் வராவிட்டால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அதன் ஓட்டுகளை அவரவர் இரண்டாவதாக எழுதிய படத்துக்கு மாற்றுவார்கள், பாதியைத் தாண்டும்வரை இதே வேலை. அதனால் பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் முகம் சுளிக்கும் படத்தைவிட, எல்லாருக்கும் ஓரளவு பிடித்த படம் முந்திவிடும். இதில் வேடிக்கை, இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஓட்டுப் போட அந்தப் பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை, இந்த விழா முடிந்து ஏப்ரலில்தான் அகாடமி அறிவித்தது. இவ்வளவு நாள் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது போல.

நான் தொண்ணூறு கொடுத்தது பெரிய விருதுகளுக்காக இல்லை, யாரும் கவனிக்காத பிரிவுகளுக்காக. ஃப்ளோ என்று லாட்வியாவிலிருந்து ஒரு அனிமேஷன் படம். வெள்ளம் சூழ்ந்த உலகத்தில் ஒரு கறுப்புப் பூனை, ஒரு நாய், ஒரு கேப்பிபாரா (பெரிய சைஸ் எலி மாதிரி இருக்கும்), ஒரு லெமூர் (குரங்கு மாதிரி), ஒரு பெரிய பறவை, எல்லாம் ஒரே படகில். படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது, பூனை மியாவ் என்றுதான் கத்துகிறது, சப்டைட்டில் தொல்லையே இல்லை. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த இந்தப் படம், இன்சைட் அவுட் 2-ஐயும் தி வைல்ட் ரோபோட்டையும் தாண்டி லாட்வியாவுக்கு முதல் ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தது. பூனை முதலில் தண்ணீரைக் கண்டாலே பதறும், போகப்போக மற்றவர்களுக்காக மீன் பிடிக்கத் தானே குதிக்கும். அந்த மாற்றத்தை ஒரு வார்த்தை இல்லாமல் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று பிரேசிலின் ஐ ஆம் ஸ்டில் ஹியர், அந்த நாட்டுக்கும் அதுதான் முதல் ஆஸ்கர். 1971-இல் ராணுவ ஆட்சி கூட்டிக்கொண்டு போய்த் திரும்பவே வராத ரூபன்ஸ் பைவா என்ற முன்னாள் எம்.பி.யின் மனைவி யூனிஸின் கதை. பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுக்க வந்து சோகமாக முகத்தை வைக்கச் சொல்கிறபோது, அந்த அம்மா பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்கிறார். யூனிஸாக நடித்த ஃபெர்னாண்டா டோரஸ் அந்த இடத்தில் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. சிறந்த நடிகை விருது அனோரா நாயகி மைக்கி மேடிசனுக்குப் போனதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் என் ஓட்டு டோரஸுக்கே.

நம் நாட்டு வயிற்றெரிச்சலையும் சொல்லாமல் விடக் கூடாது. பாயல் கபாடியாவின் ஆல் வி இமேஜின் ஆஸ் லைட் 2024 கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கியது. ஆனால் ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு நாம் அனுப்பியது லாபதா லேடீஸை. நல்ல படம்தான், ஆனால் பரிந்துரைக்கு முன்பு வடிகட்டும் முதல் பதினைந்துக்குள்கூட வரவில்லை. அதே பதினைந்தில் பிரிட்டன் அனுப்பிய இந்திப் படமான சந்தோஷ் இருந்தது! இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

குறை என்றால் கைக்குக் கிடைப்பதுதான். பட்டியல் வந்த பிறகு பிப்ரவரியில் ஒவ்வொன்றாக நம் தியேட்டர்களுக்கு வரும், வந்த வேகத்தில் போய்விடும். புரூட்டலிஸ்டுக்கு எங்கள் ஊர் மல்டிப்ளெக்ஸ் ஒன்று கொடுத்தது ராத்திரிக் காட்சி ஒன்றுதான், அதுவும் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடப் படத்துக்கு. ஒரே ஆறுதல், பதினைந்து நிமிட இடைவேளையை எடுத்தவர்களே படத்துக்குள் வைத்திருக்கிறார்கள், திரையில் ஒரு கல்யாண போட்டோ, மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், பாப்கார்ன் வாங்கிவிட்டு நிதானமாக வரலாம். முதல் பாதி பிரமாதம், இரண்டாம் பாதியில் என்னைக் கொஞ்சம் தவிக்க விட்டுவிட்டது.

ஆக, விழாவுக்கு ஐந்துக்கு இரண்டரை. மறுநாள் யூடியூபில் பத்து நிமிடத் தொகுப்பே போதும். பட்டியலுக்கு நாலரை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஃப்ளோ, பெரியவர்களோடு என்றால் போப்பைத் தேர்ந்தெடுக்கும் கதையான கான்கிளேவ், மாமியார்கூட ரசிப்பார், ஏனென்றால் அதில் நடக்கும் அரசியலும் புறணியும் நமக்குப் புதிதே இல்லை. அனோராவை மட்டும் எல்லாரும் தூங்கிய பிறகு ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.