அவர் லோக்கல், நான் ஃபொறின்

"அக்கா, நீங்கள் லோக்கலோ, ஃபொறினோ?"

கேட்ட பெடியனுக்கு 22 வயது இருக்கலாம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், தையல்கடைக்கு மேல் மாடியில் இருந்தது காட்டுச் சுற்றுலா ஒழுங்குசெய்யும் அந்த அலுவலகம். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டான். நான் பிறந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து த்ரீவீலில் பத்து நிமிடம். படித்தது பம்பலப்பிட்டியில். எனக்குச் சட்டென்று வந்த பதில் "வெள்ளவத்தை". "அது சரி அக்கா, பாஸ்போட்?" என்றான்.

இந்த முறை ஊருக்குப் போனதில் விமானம், வீசா, சிம் காட், பணம் மாற்றியது எல்லாம் நல்லபடி நடந்தன. எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

மகனுக்குச் சிறுத்தை பார்க்க வேண்டும். கனடாவில், ஸ்காபரோவில் இருந்தபடியே யால தேசியப் பூங்கா வீடியோக்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டான். (எங்கள் காட்டில் இருப்பது சிறுத்தை மட்டும்தான், மற்றது இல்லை என்று நான் விளக்க, மச்சாள் வாயில் விரலை வைத்து ஜன்னலைப் பார்த்தார். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் அந்த மிருகத்தின் பெயரைக் கொழும்பில் உரத்துச் சொல்ல அவருக்கு மனம் வராது. சிறுத்தையின் விஞ்ஞானப் பெயரிலேயே "கொட்டியா" என்று இருக்கிறது, சிங்களத்தில் அந்த மற்ற மிருகத்துக்கும் அதுதான் பெயர், அதற்கு என்ன செய்வது?) யாலவுக்குக் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும், போனால் ஒரு சிறுத்தைக்கு முப்பது ஜீப் என்கிறார்கள். செப்டம்பரில் வறட்சி என்று முதலாம் வலயத்தைப் பூட்டுவதும் உண்டு. வில்பத்து 180 கிலோமீற்றர்தான். சிலாபம், புத்தளம் தாண்டி, அனுராதபுரப் பாதையில் திரும்பினால் ஹுனுவிலகம வாசல். இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா அது. 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேல்.

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. 1988 டிசம்பரில் வில்பத்துவை மூடினார்கள், 2003இல்தான் திறந்தார்கள். நான் கொழும்பில் ஓடித் திரிந்த வருடங்கள் முழுக்க அது பூட்டிக் கிடந்த காடு. அல்லி அரசாணி ஆண்ட குதிரைமலை அந்தக் காட்டின் கடலோரம் இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார், கூட்டிப் போக வழியிருக்கவில்லை.

சரி, அந்தப் பெடியனிடம் வருவோம். நாங்கள் ஆறு பேர்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மச்சாள், அவருடைய மகன். கனடாவிலிருந்தே வட்ஸ்அப்பில் தமிழில் எழுதிக் கேட்டபோது ஒரு தொகை சொல்லியிருந்தார்கள். நேரில் போனதும் அது வேறாகிவிட்டது. "தமிழில எழுதினபடியா லோக்கல் எண்டு நினைச்சிட்டம் அக்கா." வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் டொலரில், அன்றைய விகிதத்தில் ரூபாவாக்குவார்கள். அதற்கு மேல் குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத வற் வரி. ஜீப் வாடகை தனி. உள்ளூர்க்காரருக்கு நுழைவுக் கட்டணம் ரூபாவில், கடலைக்காசு மாதிரி. சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு இடைநடுவில் ஒரு விலை. ஆக, சென்னையில் இருக்கும் என் சித்தியின் மகள் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தால் என்னைவிட மலிவாகக் காட்டுக்குள் போவாள்.

அவன் கல்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பி வைத்தான். எட்டாம் இலக்கத்தின் நடுக்கோடு எரியாத பழைய கல்குலேட்டர், 8 எல்லாம் 0 மாதிரித் தெரிந்தன. அப்படியிருந்தும் தொகை பெரிதாகவே இருந்தது.

அப்போதுதான் கணவர் சட்டைப் பையிலிருந்து தன் புது அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். 12 இலக்கம். யாழ்ப்பாணத்துக் காணி விசயமாகச் சில வருடங்களுக்கு முன் இரட்டைக் குடியுரிமை எடுத்தவர். அந்த நேரம் "இதுக்கெல்லாம் காசைக் கொட்ட வேணுமோ" என்று கேட்டவள் நான். பெடியன் முகம் மலர்ந்தது. "அண்ணை லோக்கல்!"

அண்ணை வடக்கில் பருத்தித்துறை. கொழும்பில் மொத்தமாக இரண்டு வருடம்கூட இருந்ததில்லை. சிங்களத்தில் "ஸ்துதி" என்ற ஒரு சொல் தெரியும், அதையும் பிழையான இடத்தில் சொல்வார். சண்டைக் காலத்தில், 1995இல் பஸ்ஸை மறித்து ஐ.சி. (அடையாள அட்டை) பார்க்கும்போது, பின்பக்கத்தில் பிறந்த இடம் என்ற இடத்தில் பருத்தித்துறை என்று இருந்த ஒரே குற்றத்துக்காக இறக்கி நிறுத்தப்பட்டவர். என்னுடையதில் கொழும்பு. நான் ஜன்னலோரம் இருந்தபடியே சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அட்டை திரும்பி வந்துவிடும். ஒழுங்கை முடக்குக் கடையில் பாண் வாங்கப் போனாலும் ஐ.சி.யைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போன காலம், அதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இன்று அவர் லோக்கல், நான் ஃபொறின்.

"பழைய ஐ.சி. இருந்தாக் கொண்டு வாங்கோ அக்கா," என்று பெடியன் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தரும் வடிவாப் பாக்க மாட்டினம்."

அன்று பின்னேரம் முழுக்க மச்சாள் வீட்டு அலுமாரியைக் கிளறினோம். கடைசியில் மாலிபன் பிஸ்கட் தகரத்துக்குள், அம்மாவின் பென்சன் கடுதாசிகளுக்கு அடியில் கிடந்தது. ஓரம் பழுத்துப் பிரிந்த லமினேற். 16 வயதில் எடுத்த படம், எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல். ஒன்பது இலக்கமும் ஒரு வீ (V) எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இதை மகளுக்குச் சொல்லிக் காட்டியபோது, அந்த இலக்கம் எனக்கு மனப்பாடமாக வந்தது. கனடாவின் சின் நம்பரை (சமூகக் காப்புறுதி இலக்கம்) இன்றும் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மகன் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "அம்மா, இது இப்ப உங்கட இல்லை எல்லோ? காட்டினால் அது கள்ளம்." கனடியக் குடியுரிமை எடுத்தபோது இந்த நாட்டுக் குடியுரிமை போய்விட்டது, சட்டப்படி அவன் சொன்னது சரி. பிள்ளைகளை அங்கே வளர்த்ததன் பலனை வெள்ளவத்தையில் அனுபவித்தேன்.

இரவுச் சாப்பாட்டில் மச்சாளிடம் முறையிட்டேன். பிறந்த ஊரில் பிறத்தியார் விலை கேட்கிறார்களே என்றேன். அவர் இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே, "எங்கட பெரியவன் ரொறன்ரோவில படிக்க வந்தபோது உங்கட யூனிவேர்சிற்றி எத்தனை மடங்கு வாங்கினது? அப்ப நீர் ஒண்டும் சொல்லேல்லை," என்றார். பிறகு நான் சொதியைப் பற்றி மட்டும் கதைத்தேன்.

மறுநாள் முற்பணம் கட்டப் போனேன். ஜீப்புக்கு ஒரு பகுதி, ரிக்கெட்டை முன்கூட்டி எடுத்துத் தர என்று தனியாக 5,000 ரூபா. ரிசீட் கேட்டால், "புத்தகம் சேரிட்ட இருக்கு, நாளைக்குத் தாறன்." நாளைக்குப் போனால் அந்தச் சேர், அதாவது முதலாளி, இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஆனால் போன ஒவ்வொரு முறையும் இஞ்சி போட்ட பிளேன்ரீ வந்தது, நல்ல பிளேன்ரீ. ஒன்ராறியோ பூங்காக்களில் ஐந்து மாதம் முன்னதாகக் காலை ஏழு மணிக்குக் கணினி முன் குந்தியிருந்து இடம் பிடிப்பேன். இரண்டு நிமிடத்தில் உறுதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்து விழும். தேத்தண்ணி தர அங்கே ஆளில்லை.

கடைசியில், "ஃபொறின் கலந்தபடியால் ரிக்கெட்டை வாசலிலேயே எடுங்கோ அக்கா, அந்த 5,000 பிறகு திருப்பித் தருவம்" என்றார்கள்.

அதிகாலை ஒன்றரைக்கு வான் வண்டியில் புறப்பட்டோம். பூங்கா திறப்பது ஆறு மணிக்கு. அதற்கு முன் வாசலில் நின்றால்தான் முதல் ஜீப்புகளோடு உள்ளே போகலாம். குதிரைமலையும் பார்க்க நினைப்பவர்கள் முழுநாள் ஜீப்பே எடுங்கள். அரைநாளில் அந்தப் பக்கம் போய் வர முடியாது, நாங்கள் அரைநாள் எடுத்து ஏமாந்தோம். அப்பாவின் அல்லி அரசாணி இந்த முறையும் தப்பிவிட்டார்.

ரிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு ஐயா. என் கணவரின் அட்டையை வாங்கிக்கொண்டு சிங்களத்தில் அன்பாக ஏதோ கேட்டார். கணவர் "ஸ்துதி" என்றார். ஐயா மறுபடி கேட்டார். மறுபடி ஸ்துதி. அவர் கேட்டது எத்தனை பேர், எந்த வாகனம் என்று. நான் பின்னாலிருந்து சிங்களத்தில் பதில் சொன்னேன்: மூன்று உள்ளூர், மூன்று வெளிநாடு. "உள்ளூர் யார்?" என்று கேட்டபடி அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் கனடியக் கடவுச்சீட்டை வைத்தேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார். "மிஸ் எந்த ஊர்?" "வெள்ளவத்தை." ஐயா சிரித்துவிட்டார், ஆனாலும் டொலர் கணக்கைத்தான் எழுதினார். மீதிக்காசை எண்ணி என் கையில் தந்து, நல்லாய்ச் சுற்றிப் பாருங்கள் என்பதை என்னிடம் ஆங்கிலத்திலும் கணவரிடம் சிங்களத்திலும் சொன்னார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

சிறுத்தை கண்டோம். ஒரு வில்லு (காட்டுக்குள் இருக்கும் இயற்கைக் குளம்) அருகே, வெண்மணல் பாதையில், ஐந்து நிமிடம் போல இருந்தது. மகன் நிறையப் படம் எடுத்தான்.

நாங்கள் திரும்பி வந்து ஆறு வாரமாகிறது. 5,000 ரூபா இன்னும் வரவில்லை. மச்சாள் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த மாடிப்படி ஏறிக் கேட்கிறார். போன கிழமையும் பிளேன்ரீ குடுத்தார்களாம். சேர் இல்லையாம்.