ஹார்டுவேர் வாலட் அருமைதான், ஆனால் என் கணக்கை ஊரே ஏன் பார்க்க வேண்டும்?

பிட்காயினுக்கு ஹார்டுவேர் வாலட், அதாவது அதைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவியைப் பத்திரமாக வைக்கும் சிறு கருவி, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். சில வருடங்களாக வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரகசியச் சாவி அதை விட்டு வெளியே போவதே இல்லை. சாவியை மீட்பதற்காகத் தாளில் எழுதி வைத்த 24 சொற்களை வேறொரு கருவியில் போட்டு மீட்டுப் பார்த்தேன், ஒரு சடோஷிகூட (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) குறையவில்லை. திருட்டுப் பயம் போயே போய்விட்டது.

கடுப்பெல்லாம் அதோடு வரும் செயலி மேல்தான். பிட்காயினில் மொத்த இருப்பு என்று ஒன்று கிடையாது. வந்த தொகைகள் தனித்தனித் துண்டுகளாகத்தான் கிடக்கும். நாம் பணம் அனுப்பும்போது செயலி தன் இஷ்டத்துக்குச் சில துண்டுகளை எடுத்துச் சேர்க்கிறது, மீதியை நம்முடைய இன்னொரு முகவரிக்குத் திருப்பி விடுகிறது. ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிட்காயின் பரிவர்த்தனைகள் எல்லாம் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் இருப்பதால், வேலைக்கு வந்த கூலியும் நண்பர் திருப்பித் தந்த கடனும் ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்துவிட்டால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று யாரும் ஊகிக்கலாம். ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டவர் என் பழைய வரவுகளையும் எண்ணிப் பார்க்கலாம். நாளைக்குக் கூலி பேச வரும்போது அவர் எந்தத் தொகையிலிருந்து ஆரம்பிப்பார்?

இது புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டையும் இல்லை. பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2008-ல் எழுதிய கட்டுரையிலேயே, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. துண்டுகளைச் சேர்த்தால் உரிமையாளர் ஒருவரே என்பது வெளிப்பட்டுவிடும் என்றும் இருக்கிறது. 2010 மே மாதம் பீட்சாவுக்காகக் கைமாறிய 10,000 பிட்காயினை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அழிக்க வழியே கிடையாது.

இப்போது என் எரிச்சலுக்குக் காரணம் ஒரு எக்ஸ்சேஞ்ச், அதாவது பிட்காயின் வாங்கி விற்கும் தளம். எனக்கு வந்த ஒரு தொகையை அங்கே அனுப்பினேன். எனக்கு முன்பு அது யார் யார் கையில் இருந்தது என்று விளக்கம் கேட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள். எனக்கெப்படித் தெரியும்? ரூபாய் நோட்டில் முன்பு அதை வைத்திருந்தவரின் பெயர் எழுதியிருப்பதில்லை, அதனால்தான் எல்லா நோட்டும் ஒரே மதிப்பில் ஓடுகிறது. வரலாறு தெரிந்த நாணயத்தில் நல்லது, கெட்டது என்று ஜாதி பிரிந்துவிடுகிறது.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஸ்பாரோ. அதே கருவியை இந்த மென்பொருளோடு இணைத்தால், எந்தத் துண்டைச் செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதலாம். சொந்த நோடு (பிட்காயின் பதிவேட்டை நம் கணினியிலேயே சரிபார்க்கும் மென்பொருள்) ஓட்டினால் நம் முகவரிகள் வேறு யாருடைய சர்வருக்கும் போகாது. உட்கார்ந்து வகை பிரிப்பதில் ஒரு தனி சுகம்கூட இருக்கிறது. ஆனால் அந்தரங்கம் ஏன் பொழுதுபோக்கு உள்ளவர்களுக்கு மட்டும்? 2014-ல் வந்த மொனேரோ என்ற இன்னொரு நாணயத்தில் அனுப்புபவர், பெறுபவர், தொகை எல்லாம் தானாகவே மறைகின்றன. சரி, அதை வாங்கலாம் என்றால் பைனான்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது.

கருவிக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தருவேன். வாங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் “வேண்டாம்” என்பதுதான். எக்ஸ்சேஞ்சுக்கான விளக்கக் கடிதம் இன்னும் பாதியில் நிற்கிறது. அதை அனுப்பிய பிறகு கேட்டால் வேறு பதில் வரலாம்.