தாமிரபரணிக் கரையோரம் சைக்கிளில்: பாபநாசத்திலிருந்து திருச்செந்தூர் வரை

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டிப் பழகிய எனக்கு, பிறந்த மாவட்டத்தில் ஓடும் தாமிரபரணியைத் தலையிலிருந்து கடல் வரை அதே முறையில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. சென்ற மாசியில் பிசானப் பருவ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த நேரத்தில் அது கைகூடியது. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது இப்படி ஒரு பயணம் செய்ய நினைப்பவர்களுக்கு, வழியில் என்னென்ன வசதிகள் கிடைக்கும், எவை கிடைக்காது என்பதை எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் வண்டி. நான் என்னுடைய சைக்கிளைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுவந்தேன். என் அக்காள் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் வாங்கிய இலவசச் சைக்கிளில் வந்தான். அதில் கியர் கிடையாது. ஆனாலும் அவன் எங்கும் இறங்கித் தள்ள நேரவில்லை. பாபநாசத்துக்குக் கீழே இந்த ஆறு பெரிய இறக்கமின்றி வயல்களுக்கு நடுவே நடந்து போகிறது. பழைய எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களும் நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வெட்டப்பட்டிருப்பதால், அவற்றின் கரையோரச் சாலைகளில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஆகவே விலையுயர்ந்த வண்டியைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை என்பதே என் கருத்து. ஆனால் வண்டி கொண்டுவராதவர் இங்கே நல்ல சைக்கிளை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்றால், நாங்கள் போன ஊர்களில் அதற்கு வழி காணவில்லை. முன்பு ஊருக்கு ஊர் இருந்த மணிக்கணக்கு வாடகைக் கடைகள் மறைந்துவிட்டன. உறவினர் வீட்டுச் சைக்கிளை ஓவர்ஹால் செய்து எடுத்துக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்ற வழி.

பாபநாசம் சோதனைச்சாவடிக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. அங்கே வனத்துறையின் நேரக் கட்டுப்பாடும் விதிகளும் உண்டு என்பதால், கோயில் படித்துறையிலிருந்தே புறப்பட்டோம். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வழியாகக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்து, அங்கிருந்து கன்னடியன் கால்வாயை ஒட்டி வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று போவதுதான் மேற்பகுதியில் மிக அழகான வழி. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கதிர் சாய்ந்த வயல், பின்னால் திரும்பினால் பொதிகை மலை. ஆனால் கைபேசி வரைபடத்தை முழுதாக நம்பக் கூடாது. வரைபடம் சாலை என்று காட்டும் கால்வாய்க் கரை சில இடங்களில் சீமைக்கருவேலம் அடைத்து, ஆள் நுழைய முடியாமல் கிடக்கிறது. வயலில் நிற்பவர்களிடம் கேட்டால் எந்த மடை வரை வண்டி போகும், எங்கே மெயின் ரோட்டில் ஏற வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தக் கருவேல முள் எங்களுக்கும் வேலை வைத்தது. சேரன்மகாதேவியைத் தாண்டி என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியபோது, பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தவர், உடனே ஒட்டு வைக்கவில்லை. டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, ரப்பருக்குள் முறிந்து நின்ற முள்முனையைக் குறடால் பிடுங்கிக் காட்டினார். “இத எடுக்காம ஒட்டுனா அடுத்த ஊரு போகுமுன்ன திரும்பவும் காத்து இறங்கிரும்லா அண்ணாச்சி” என்றார். இத்தனை பொறுமையான கைவேலையை நான் வெளிநாட்டுக் கடைகளிலும் அதிகம் பார்த்ததில்லை. ஒரே சிக்கல், என் வண்டியின் மெல்லிய வால்வுக்கு அவருடைய பம்பு பொருந்தவில்லை. நான் கொண்டுவந்திருந்த சிறு பித்தளை மாற்றுமூடியைப் போட்டே காற்றடிக்க முடிந்தது. வெளிநாட்டு வண்டியோடு வருபவர்கள் அந்த மூடி ஒன்றையும் மாற்று டியூப் இரண்டையும் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிச் சைக்கிள்கள் ஊர்தோறும் ஓடுவதால் அவற்றுக்கான டியூபும் செயினும் பிரேக் கட்டையும் சிறு ஊரிலும் கிடைக்கின்றன. கோணிய சக்கரத்தைப் பெண்டு எடுக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன.

தங்குமிடம்தான் இந்தப் பயணத்தின் பலவீனமான பகுதி. ஜெர்மனியில் சைக்கிள் பயணிகளுக்கென்று சான்று பெற்ற விடுதிகள் உண்டு; ஒரே ஓர் இரவு தங்குவதானாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும், பூட்டி வைக்க இடம் தர வேண்டும், நனைந்த உடைகளை உலர்த்த வசதி செய்ய வேண்டும் என்பவை அந்தச் சான்றுக்கான நிபந்தனைகள். இங்கே நாங்கள் முதலில் கேட்ட லாட்ஜில் சைக்கிளைத் தெருவோரம் நிறுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் பேசிய பிறகே மாடிப்படிக்கு அடியில் வைக்க இசைந்தார்கள். இன்னொன்றில் என் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை இணையத்தில் பதிய வேண்டிய கடமை விடுதிக்காரருக்கு உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சிறிய லாட்ஜ்கள் இந்தச் சிரமத்தைத் தவிர்க்கப் பார்க்கின்றன. எனவே புறப்படும் முன்பே தொலைபேசியில் பாஸ்போர்ட் விவரத்தையும் சைக்கிள் விவரத்தையும் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். அல்லது திருநெல்வேலியில் அறை எடுத்து, மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் தனித்தனியாக ஓட்டலாம்.

திருநெல்வேலி நகரத்துக்குள் ஓட்டுவதில் இன்பம் ஒன்றுமில்லை. 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தைக் காலை ஆறு மணிக்கு முன்பு கடந்துவிட்டால் ஆற்றைச் சற்று நின்று பார்க்கலாம். அதற்குப் பிறகு பேருந்துகளின் ஏர்ஹாரன்தான்.

கீழ்ப்பகுதியில் தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலையை விட்டுவிட்டு, செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாகத் தென்கரையில் போக வேண்டும். வழியிலேயே பழங்காலத் தாழிகள் கிடைத்த தொல்லியல் களமான ஆதிச்சநல்லூர் வருகிறது. 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் முதன்முதலாகத் தோண்டிய இடம் என்பதால் எனக்கு அங்கே சற்று அதிக நேரம் நிற்கத் தோன்றியது. அதற்கப்பால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதைச் சுற்றி நவதிருப்பதிக் கோயில்கள் ஆற்றின் இரு கரைகளிலும் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. வேன்களில் வருபவர்கள் ஒரே நாளில் ஒன்பதையும் தரிசித்துவிட்டுப் போகிறார்கள். சைக்கிளில் வருபவர் அப்படி முயல வேண்டாம். நடை சாத்திய நண்பகலில் கோயில் மண்டப நிழலில் படுத்து எழுந்து, மாலையில் மறுகரைக்குப் போவதே உடம்புக்கு நல்லது. வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பூக்கடை அம்மாக்கள் கேட்காமலே ஏற்றுக்கொண்டார்கள். குடிதண்ணீருக்கும் டீக்கும் எங்கும் குறையில்லை. ஆனால் பெண்கள் பயன்படுத்தத்தக்க சுத்தமான கழிப்பறை ஊருக்கு ஊர் இல்லை. குடும்பமாக வருபவர்கள் பெட்ரோல் பங்குகளையே நம்ப வேண்டியிருக்கும். கிராமச் சாலைகளில் அவையும் அரிது.

2023 டிசம்பர் வெள்ளம் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிச் சாலைகளைக் கடுமையாக அரித்தது. ஒட்டுப்போட்ட இடங்கள் இன்னும் மேடுபள்ளமாக இருப்பதால் இருட்டிய பிறகு அங்கே ஓட்டக் கூடாது. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாமல் இறங்கிச் சுற்றிப் போவது மரியாதை மட்டுமல்ல, வைக்கோல் செயினில் சுற்றாமல் இருப்பதற்கும் அதுவே வழி.

திருச்செந்தூரில் முடித்த பிறகு திருநெல்வேலிக்கு ரயில் உண்டு. ஆனால் சைக்கிளைப் பயணிகள் பெட்டியில் ஏற்ற முடியாது. பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டிப் பதிந்து பிரேக் வேனில்தான் அனுப்ப வேண்டும். பெட்ரோல் வண்டிகளையும் சரக்கையும் மனதில் வைத்து அமைந்த நடைமுறை அது. அதே ரயிலில் வண்டியும் ஆளும் சேர்ந்து போய்ச் சேருவது நிச்சயமில்லை. ஆற்றை ஒட்டியே செல்லும் இந்தப் பாதையில், ஒரு பெட்டியின் மூலையில் நாலு சைக்கிள் நிற்க இடம் ஒதுக்கி அதற்கொரு சீட்டும் கொடுத்தால், பாதித் தூரம் ஓட்டிவிட்டு ரயிலில் திரும்பலாம். முதியவர்களும் பிள்ளைகளும்கூட வருவார்கள். சாலையைப் புதிதாகப் போடுவதைவிட இதற்குச் செலவு குறைவு. நாங்கள் ஒரு மினி லாரி பிடித்துத் திரும்பினோம்.

காலத்தைப் பொறுத்தவரை தை, மாசி மாதங்களே சிறந்தவை. ஆனி, ஆடியில் வருபவர்கள் கட்டாயம் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் ஓட்ட வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றை எதிர்த்துப் பாபநாசம் நோக்கி மிதிப்பது பழகியவர்களுக்கும் கடினம்.