150–600 லென்ஸும் வேடந்தாங்கலும்: நாலு சீசன் கழித்து

வேடந்தாங்கலில் பறவைப் படம் எடுக்க வாங்கிய 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் இது. முதல் சீசன் முழுக்க இதைத் திட்டித் தீர்த்தேன். 600 மி.மீ.-இல் வைத்து எடுத்தால் கூழைக்கடாவின் இறகு நனைந்த பஞ்சு மாதிரி விழும். சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஃபோகஸில் குறையே இல்லை என்று திருப்பித் தந்தார்கள். நான் நம்பவில்லை.

இரண்டாவது ஜனவரியில் ஒருநாள் கேட் திறந்ததுமே உள்ளே போய்விட்டேன். ஏரிக்கரையில் ஒரே இடம், எதிரே ஒரே நீர்க்கடம்பு மரம், அதில் மஞ்சள் மூக்கு நாரைக் கூடு. ஏழு மணிப் படத்தில் அலகின் வரிகூடத் தெரிந்தது. பத்தரை மணிப் படத்தில் மறுபடி பஞ்சு. லென்ஸ் மேல் பழியில்லை, கானல்தான்! வெயில் ஏற ஏற, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து வெளிச்சத்தை வளைக்கின்றன. பறவை தள்ளியிருக்க இருக்க இடையில் காற்றும் கூடும். லென்ஸின் துளையை எஃப்/8, எஃப்/11 என்று எவ்வளவு சுருக்கினாலும் அது போகாது. வியூஃபைண்டரில் கிளை நெளிந்தால் கேமராவை மூடிவிட்டு டீ குடிக்கப் போவது உத்தமம்.

விடியலுக்கு விலை உண்டு, வெளிச்சம் குறைவு. 600-இல் இந்த லென்ஸ் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது. பறக்கும் நாரைக்கு 1/1600 நொடி ஷட்டர் வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200-ஐத் தொடும், புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். வரட்டும், அதை வீட்டுக் கணினியில் குறைக்கலாம். கானலை என்ன செய்வது? வெள்ளைக் கொக்கு, கரண்டிவாயன் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் (வெளிச்ச அளவின் ஒரு படி) போலக் குறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் இறகு வெறும் சுண்ணாம்புதான்.

எடை கிட்டத்தட்ட 2 கிலோ. டிரைபாடை இரண்டே தடவை தூக்கிப் போனேன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை விரிக்க இடமே இல்லை. மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கி போதும். கண்காணிப்புக் கோபுரத்தில் மட்டும் அதுவும் உதவாது, பிள்ளைகள் படியேறினால் படமும் சேர்ந்து குலுங்கும்.

என் தப்பு ஒன்று: மழையில் போய்வந்து லென்ஸைப் பைக்குள்ளேயே பத்து நாள் விட்டேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் நூல் நூலாகப் பூஞ்சை. சுத்தம் செய்தும் ஓரத்தில் ஒரு தழும்பு நிற்கிறது, படத்தில் தெரிவதில்லை. இப்போது காற்றுப்புகா டப்பா, சிலிக்கா ஜெல், ஐந்நூறு ரூபாய்க்குள் ஓர் ஈரப்பத மீட்டர். முள் 50 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை மாற்றுவேன்.

கிளம்புமுன் அங்குள்ள டீக்கடை அண்ணனுக்கு ஒரு போன். "ஏரியில தண்ணி இருக்காண்ணே?" இல்லை என்றால் லென்ஸ் டப்பாவிலேயே இருக்கும்.